மார்கழியில் ஒரு காலேஜ் தரிசனம்!

பெண் பார்க்க நாலு வீடு ஏறி இறங்குகிறோம். பிள்ளை நாலு வருஷம் படிக்கப் போகிற காலேஜை ஒரு தடவையாவது நேரில் பார்க்கிறோமா?

2018-லிருந்து இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனில் நடக்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்து, கேள்விப்பட்ட பெயர்களை வரிசையாகத் தட்டி விடுகிறோம். ரிசல்ட் வந்த பதற்றத்தில் எந்தக் காலேஜைப் போய்ப் பார்க்க? அதனால் ப்ளஸ் டூ பிள்ளைக்கு மார்கழியிலேயே ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

அரையாண்டு லீவாச்சே என்று சட்டென்று கிளம்பிவிடாதீர்கள். அங்கேயும் செமஸ்டர் லீவு விட்டிருந்தால் வாட்ச்மேனை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். போன் போட்டுக் கேளுங்கள்.

அட்ரஸில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று இருப்பதை நம்பி திருவள்ளூருக்கு டிக்கெட் எடுத்தால் போச்சு! 1995-ல் தொடங்கிய ஆர்.எம்.கே. கல்லூரி இருக்கும் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி லைனில் பொன்னேரிக்கு அடுத்த ஸ்டேஷன். திருவள்ளூரோ அரக்கோணம் லைன். பிள்ளை தினமும் போகப்போகிற நேரத்து ரயிலிலேயே போய்ப் பாருங்கள். கூட்டம் எப்படி என்று உடம்பே சொல்லும்.

எந்தக் காலேஜானாலும் மழை விட்ட மறுநாள் போவது விசேஷம். ஹாஸ்டலில் எங்கே ஒழுகுது, வாசலில் எங்கே தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

"பக்கத்திலேயே சிப்காட் சார், வேலைக்குப் பஞ்சமா?" என்பார்கள். எந்தக் கம்பெனி, போன வருஷம் எத்தனை பேரை எடுத்தது, என்ன சம்பளம் என்று கேளுங்கள். அப்படியே வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நல்லது.

கடைசியாக, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். படிக்கப்போவது நீங்களல்லவே!