எறிய வேண்டிய காகிதம் எது?

கொல்கத்தா: எந்தப் பழைய அலுவலகத்திலும் அலமாரியின் தலையில் தூசு படிந்த காகிதக் கட்டுகளைக் காணலாம். மின்விசிறி ரிப்பேர், நாற்காலிக்குப் பிரம்பு, ஒரு நாள் லீவு என்று யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள். காரியம் முடிந்தது, காகிதம் மட்டும் மிச்சம். எறிந்துவிடலாம்தான். ஆனால் எதை எறிவது?

இந்தச் சங்கடம் இந்நகருக்குப் புதிதல்ல. இந்தியாவின் தலைநகராகக் கல்கத்தா இருந்த காலம். சில்லறைக் காகிதங்களை அழித்துவிட்டு, மதிப்புள்ளவற்றை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று 1860இல் தணிக்கை அதிகாரி சாண்டிமன் எழுதினார். காரியம் நடக்க முப்பது ஆண்டு பிடித்தது. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஃபாரஸ்ட் பழைய தஸ்தாவேஜுகளைப் பரிசீலித்தபின், 1891 மார்ச் 11இல் இங்கே ஆவணத்துறை பிறந்தது. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் அதன் வாரிசுதான்.

சில்லறை எது?

கல்கத்தாவிலிருந்து 1879இல் 'லியோனிடாஸ்' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிஜிக்குப் புறப்பட்டது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதிச் சீட்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உயரம். எழுதிய குமாஸ்தாவுக்கு அது அன்றாட வேலை. இன்று பேரன் பேத்திகள் பூர்வீக ஊரைத் தேடிப் பிடிப்பது அந்தச் சீட்டை வைத்துத்தான். 'சில்லறை' என்று கொளுத்தியிருந்தால்?

அதற்காக எல்லாவற்றையும் சேர்த்து வைக்கவும் முடியாது, கரையான்தான் கொழுக்கும். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் நடுவழி ஒன்றைச் சொல்கிறது. 1892க்கு முந்திய மத்திய அரசு ஆவணங்களை, உபயோகமற்றுச் சிதைந்தாலொழிய, அழிக்கக் கூடாது. மற்றவற்றைப் பரிசீலித்தே கழிக்க வேண்டும். கழிப்பவற்றுக்குப் பட்டியல் எழுதி, அந்தப் பட்டியலை நிரந்தரமாக வைக்க வேண்டும்.

ஆகவே, வயதை மட்டும் பார்த்துக் கழிப்பது சரியல்ல. இதிலுள்ள விவரம் வேறெங்காவது பதிவாகியிருக்கிறதா என்பதே கேள்வி. லீவுக் கணக்கு சர்வீஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் விண்ணப்பம் போகலாம். ஏறாவிட்டால், அந்தத் துண்டுக் காகிதமே சாட்சி.

ரயில்வேயிலும் மற்ற அலுவலகங்களிலும் உழைத்து ஓய்வு பெறவிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சர்வீஸ் புத்தகத்தில் சரியாக இருக்கின்றனவா? நாளை குடும்ப பென்ஷனுக்கு அலைய வேண்டியவர் அந்த அம்மாள்தான்.