காசு கொடுத்தோம், கைக்கு வந்ததா?

ஆட்டையாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் இடத்தில் பாட்டும் ஓடும். ஒரு காலத்தில் அதற்கு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒருவர் வாங்கிய கேசட் அடுத்த பட்டறைக்கும் போகும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள். கேசட் போட்ட கம்பெனியே மூடிப்போனாலும் பாட்டு நிற்காது. இன்று அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. மாதச் சந்தா கட்டிக் கேட்பவருக்கு அது வாடகை என்று தெரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு விலை கொடுத்து, ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி, மின்னூலோ படமோ வாங்குகிறவரின் நிலைதான் கவலைக்குரியது. பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது அந்தப் பொருள் அல்ல, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே.

கடை மூடினால் என்ன ஆகும்?

ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012-ல் ‘ஃப்ளைட்’ என்ற பெயரில் இணையத்தில் பாட்டு விற்கத் தொடங்கி, மறு ஆண்டே கடையை மூடியது. அங்கே விற்றவை நகலெடுப்பதைத் தடுக்கும் மின்பூட்டு இல்லாத எம்பி3 கோப்புகள் என்பதால், இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு நஷ்டமில்லை. அதே நிறுவனம் 2015-ல் மின்னூல் விற்பனையையும் கைவிட்டு, வாசகர்களைக் கோபோ என்ற மின்னூல் நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. நூல் வாங்கியவரைக் கேட்காமலேயே அவருடைய கடைக்காரர் மாறிப்போனார்.

வெளிநாட்டு அனுபவம் இன்னும் கசப்பானது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாமே படிக்க முடியாமல் போயின. இரண்டு முறையும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால், வாசகர் விற்க நினைக்காத நூலைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டதைப் பணம் நியாயமாக்கிவிடாது.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016-லிருந்து முறையாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி முன்பு இருந்தது. 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் அதையும் நிறுத்திவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்குப் பொட்டலம் வாங்கியதும் கடைக்காரரின் உரிமை முடிந்தது. தின்பதும் கொடுப்பதும் நம் விருப்பம். அச்சுப் புத்தகமும் இப்படித்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிடி வைக்கவில்லை. அதனால்தான் பழைய புத்தகக் கடைகள் நடக்கின்றன. மின்னூலுக்கு இந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. பிரதி கைமாறவில்லை, உரிமம்தான் தரப்பட்டது என்று ஒப்பந்தம் சொல்லிவிடுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு மின்னூலின் பூட்டை உடைத்தால், 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தருவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போட்டு அங்கே விற்க முடியாது. நம் ஊரில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிக்க இடம்தரும் நிபந்தனையை அது நியாயமற்றது என்கிறது. மின்னூலுக்கும் படத்துக்கும் இந்த வாசகம் உறுதியாகப் பொருந்தும்படி மத்திய அரசு விதி வகுக்க வேண்டும். விற்பது உரிமம் என்றால் பொத்தானிலேயே அப்படி எழுதட்டும். கடை மூடும் நாளில், வாங்கியவர் கையில் பூட்டில்லாத கோப்பைக் கொடுத்துவிட்டு மூடட்டும்.

கைமாறியதால் பிழைத்த தமிழ்

இது ஒரு நூலின் விலையோடு முடிகிற விஷயமல்ல. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசி, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. ஐயர் தேடிப்போன மற்ற ஏடுகளும் வீடுகளிலும் மடங்களிலும் கிடைத்தவைதான். ஏட்டை வைத்திருந்தவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்தது. முதலியார் கையில் இருந்தது ரத்தாகக்கூடிய அனுமதியாக மட்டும் இருந்திருந்தால், எதை எடுத்துக் கொடுத்திருப்பார்?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைப் பூட்டில்லாமல், யாரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி தருகிறது. மின்வடிவம் என்றாலே பூட்டு வேண்டும் என்பதில்லை. எழுத்தாளருக்கு உரிய பங்கு கிடைத்தே ஆக வேண்டும். பூட்டில்லாத கோப்பை விலைக்கு விற்றாலும் அது கிடைக்கும்.

ஆகவே, காசு கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்: கோப்பாகக் கிடைக்குமா, வேறு கருவியில் திறக்குமா, கடை போனாலும் நம்மிடம் நிற்குமா? பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைக்கும் நூலை அச்சிலோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்குங்கள். வாங்கியது பறிபோனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். நாம் கேட்காத வரை, முழு விலை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடும் இந்த வியாபாரம் மாறப்போவதில்லை.