ஆங் ஹூலிங் எல் பிம்போ

ஆங் ஹூலிங் எல் பிம்போ (பொருள்: கடைசி எல் பிம்போ) என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் மாற்று ராக் இசைக்குழுவான இரேசர்ஹெட்ஸ் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டர்பில்லோ என்னும் இசைத்தொகுப்பில் இடம்பெற்ற தகலாகு மொழிப் பாடல் ஆகும். இதனை எழுதியவர் குழுவின் பாடகரான ஈலி புவென்டியா. தொகுப்பின் தயாரிப்பாளர் ராபின் ரிவேரா ஆவார்.

உருவாக்கம்

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் தில்லிமான் வளாகத்தில் 1989 இல் இக்குழு தோன்றியது. பிம்போ ஜெட் என்னும் பிரெஞ்சுக் குழு 1974 இல் வெளியிட்ட "எல் பிம்போ" என்ற நடன இசையே பாடலின் பெயருக்கு அடிப்படையாகும்.

பாடல் ஓர் இளைஞனின் நினைவுகூரலாக அமைந்துள்ளது. பழைய திரைப்பட நடிகை பாரலுமானை ஒத்த அழகுடைய சிறுமி ஒருத்தி அவனுக்கு இந்நடனத்தைக் கற்றுத்தருகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், அவள் கணவனின்றிக் குழந்தையை வளர்ப்பதையும், மணிலாவின் எர்மிட்டா பகுதியில் பாத்திரம் கழுவிப் பிழைப்பதையும் அறிகிறான். ஓரிரவு அவள் இருண்ட சந்து ஒன்றில் விபத்தில் இறக்கிறாள்.

பாடலின் பல்லவி மாறுவதில்லை. கைகோத்து ஆடிய இளமை மகிழ்ச்சியைக் கூறும் அதே வரிகள், இறப்புச் செய்திக்குப் பின் மீண்டும் வரும்போது இரங்கற்பாவாக ஒலிக்கின்றன. இதனைத் தொடரும் நீண்ட இசைப்பகுதியுடன் பாடல் ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது.

வரவேற்பு

ஒரேயஸ் சொலிட்டோ இயக்கிய இப்பாடலின் நிகழ்படம், 1997 ஆம் ஆண்டின் எம்டிவி நிகழ்பட இசை விருது விழாவில் ஆசியப் பார்வையாளர் தேர்வு விருதைப் பெற்றது. குழு 2002 இல் பிரிந்தது. இப்பாடலின் பெயரையே கொண்ட இசை நாடகம் ஒன்று 2018 இல் மணிலா பெருநகரில் அரங்கேறியது.