பழைய நகையை விற்கப் போறீங்களா? உருக்கச் சொல்லும் முன் இந்த 3 கணக்குகளைப் பாருங்க!

கொக்கி உடைந்த செயின், ஜோடி தொலைந்த ஒற்றைக் கம்மல், கல் விழுந்த மோதிரம்... எல்லோர் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு சின்ன டப்பா இருக்கும். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், திடீர் மருத்துவச் செலவு என்று வரும்போதுதான் அதைத் திறப்போம். நாளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், முதலில் நுழைந்த கடையில் சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். ஆயிரக்கணக்கில் நஷ்டப்படுவது அந்தப் பதற்றத்தில்தான்.

எடை, தரம், கழிவு. பழைய தங்கத்துக்குக் கிடைக்கும் பணத்தை முடிவு செய்வது இந்த மூன்றும்தான். இவற்றைத் தனித்தனியாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

1. எடை

விற்கும் கடைக்குப் போகும் முன்பே, தெரிந்த வேறொரு கடையில் எடை போட்டு குறித்துக்கொள்ளுங்கள். கல், முத்து, உள்ளே அடைத்த அரக்கு ஆகியவற்றின் எடை தங்கத்தில் சேராது. அதனால் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் கல்லைக் கழற்றிய பிறகு, உங்கள் கண் முன்னால் மறுபடி எடை போடச் சொல்லுங்கள். கழற்றிய கற்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தராசில் நகையை வைக்கும் முன் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

2. தரம்

22 கேரட் நகை என்றால் அதில் 91.6 சதவிகிதம் தங்கம். அதுதான் '916'. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண் கட்டாயம். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டால் நகையின் தரம் தெரிந்துவிடும்.

பாட்டி காலத்து நகையில் முத்திரை இருக்காதே என்று கவலை வேண்டாம். ஹால்மார்க் இல்லாத பழைய நகையையும் நீங்கள் தாராளமாக விற்கலாம். பி.ஐ.எஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க்கிங் மையங்களில் சிறிய கட்டணத்தில் நாமே தரம் பார்த்து, எழுத்துபூர்வமாக வாங்கலாம். கையில் அந்தத் தாள் இருந்தால் பேரம் பேசத் தெம்பு வரும்.

கடையில் கேரட் மீட்டரில் பார்த்தால், ஒரே இடத்தில் பார்த்து முடிக்க விடாதீர்கள். அந்த இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும். பற்றவைத்த இடத்தில் ஒரு அளவும், மற்ற இடத்தில் வேறு அளவும் காட்டக்கூடும். மூன்று, நான்கு இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கழிவு

'இன்றைய விலையே தர்றோம்' என்ற பேச்சில் மயங்க வேண்டாம். எத்தனை சதவிகிதம் கழிவு என்று கேளுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

நெக்லஸின் எடை 16 கிராம். கல் எடை 1 கிராம் போக, 15 கிராம். தரம் 88 சதவிகிதம். 22 கேரட்டுக்கு மாற்றினால் 14.41 கிராம், அதாவது சுமார் 1,44,100 ரூபாய். 2 சதவிகிதம் கழிக்கும் கடையில் சுமார் 1,41,200 கிடைக்கும். 5 சதவிகிதம் கழித்தால் சுமார் 1,36,900தான். ஒரே நகை, ஒரே நாள், 4,300 ரூபாய் வித்தியாசம்! குறைந்தது மூன்று கடைகளில் விசாரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தரம் குறைவு என்று ஒருமுறை கழித்துவிட்டு, அதே காரணத்துக்காகக் கழிவையும் கூட்டினால், ஏன் என்று கேளுங்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி மூன்றும் திரும்பி வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கும் முன்...

தொகை ஒத்துவந்த பிறகே உருக்க சம்மதியுங்கள். உருக்கிய பின் 'வேண்டாம்' என்றால் கையில் வருவது நகை அல்ல, கட்டி. உருக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.

புது நகையாக மாற்றிக்கொண்டால் கிராமுக்குக் கூடுதல் தருகிறோம் என்பார்கள். புது நகையின் சேதாரத்தையும் சேர்த்து, கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இங்கே கொடுப்பதை அங்கே எடுத்துவிடலாம்.

பணமும் பாதுகாப்பும்

* ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வங்கிக் கணக்கில் வாங்குவதே நல்லது. ஆதார், பான் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள்.

* ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். பணம் வாங்க க்யூ.ஆர் கோடு ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ தேவையில்லை.

* எடை, தரம், விலை, கழிவு எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள்.

* நகையைப் போட்டோ எடுத்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

* வீடு தேடி வந்து 'பாலிஷ் போட்டுத் தர்றோம்' என்பவர்களிடம் நகையைக் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் முக்கியெடுக்கும் திரவத்தில் தங்கம் கரைந்து போகலாம்.

* வாங்கி 24 மாதங்களுக்கு மேலான நகையை விற்று லாபம் வந்தால், 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவிகித வரி உண்டு. அம்மா தந்த நகை என்றால் அம்மா வாங்கிய விலையும் காலமும்தான் கணக்கு. பழைய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால், திங்கட்கிழமையே டப்பாவைத் திறந்துவிடுங்கள். நாலு நாள் கையில் இருந்தால், முதல் கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டாமல் எழுந்து வர முடியும்!