பிறிதோர் உயிரின் பார்வையும் மீட்டுருவாக்கமும்

விலங்கொன்று காண்பதை அதன் மூளையிலிருந்தே மீட்டெடுக்கலாமா என்பது அறிவியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று. பிரதிபலிப்புக் கோட்பாட்டில் அக்கறையுடைய இலக்கிய மாணவரும் அதனை நேர்கொள்ளவேண்டியவராவர்.

1999ஆம் ஆண்டு காரெட் ஸ்டான்லி, ஃபெய் லி, யாங் டான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. மயக்கமூட்டப்பட்ட பூனைகளுக்குத் திரைக்காட்சிகள் காட்டப்பட்டன. கண்ணிலிருந்து வரும் சைகைகளை மூளைய மேற்பட்டைக்குக் கடத்தும் தலமஸ் பகுதியில் 177 நரம்புக் கலங்களின் மின்துடிப்புகள் பதிவுசெய்யப்பட்டன. ஒவ்வொரு கலமும் பார்வைப் புலத்தின் ஒரு சிறு கூற்றில் நிகழும் ஒளிமாற்றத்துக்கே துலங்குவது. எவ்வொளிக்கு எத்துடிப்பு என்ற தொடர்பைக் கணித்தபின், துடிப்பிலிருந்து ஒளிக்குப் பின்னோக்கிச் செல்லல் இயலுவதாயிற்று. மங்கலாகவேனும் காட்சிகள் இனங்காணத்தக்கனவாய் வெளிப்பட்டன.

இதனால் பூனையின் கண்கொண்டு உலகைக் கண்டோம் எனலாமா? இயலாது. கிடைத்த உருவம், கண் கடத்திய ஒளியின் தடமேயன்றி, அவ்வொளியைப் பூனை தன் வாழ்வில் கொள்ளும் பொருளன்று. கண்டி எசல பெரஹரவை நோக்குவோம். யானையின் விழித்திரையில் நிறமறியும் கூம்புக்கல வகைகள் இரண்டே என 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. உடவத்தகெலே வனத்துச் செங்குரங்குக்கோ நம்மைப்போல் மூன்று. நாம் வியக்கும் செம்பட்டு யானைக்கு அவ்வண்ணம் தோன்றாது. தீப்பந்தமும் முழவொலியும் சங்கிலியும் அதற்கு யாதாகும் என்பதை எப்பதிவுக் கருவியும் தானாக உரைத்துவிடாது. மனிதப் புலன்களும் வரலாற்றின் விளைபொருள்களே என 1844இல் மார்க்ஸ் எழுதியது இங்கு நினைவுகூரத்தக்கது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னர் விரிந்த மலையகத் தோட்டங்களின் வரலாறும் இவ்வாறே மீட்டுருவாக்கப்படுவது. துரைமாரின் குறிப்புகளும் செக்ரோலும் தொழிலாளியின் பேரையும் கொழுந்தின் நிறையையும் பதிந்தன. அவர் கண்ட உலகைப் பதியவில்லை. ஆயின், பூனைக்கு இல்லாத ஒன்று தொழிலாளிக்கு உண்டு: மொழி. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்கள் அக்காட்சியை உள்ளிருந்து உரைப்பன. பேசவல்லாரைத் தடங்களைக் கொண்டு மட்டும் வாசித்தல் ஆய்வாகாது. அது ஆதிக்கத்தின் தொடர்ச்சியே.

ஆகவே, மீட்டுருவாக்கும் கருவி எவர் கையில், எவர் நலனுக்காக என்பதே அடிப்படை வினாவாகும். சிலி நாடு 2021இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் தன் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்படுத்தியது. 2023இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், ஒருவரது மூளைத் தரவுகளை அழிக்குமாறு நிறுவனமொன்றைப் பணித்தது. உழைப்பை அளந்த செக்ரோல் நாளை உள்ளத்தையும் அளக்க முற்படலாம். அதனை முன்னுணர்ந்து கூறுதல் இலக்கிய ஆய்வாளரின் கடமையுமாகும்.