உங்களுக்குத் தெரியுமா? காட்டுப்பள்ளியில் பணம் இருக்கிறது, அது திருநங்கையர் கைக்குப் போகிறதா?

■ திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது, தனியார் துறைமுகம் இருக்கிறது. பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையம், எல்.என்.ஜி. முனையம். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்த வட்டாரத்தின் பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஒன்றை எட்டினாலும் போதும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை எடுத்து வைக்க வேண்டும். எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது இந்தப் பணத்தைத்தான்.

■ 2022-23ஆம் நிதியாண்டில் இந்தியா முழுவதும் சி.எஸ்.ஆரில் செலவான தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய்.

■ கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் பிறகு விளக்கம் கொடுத்துவிட்டது. புகையும் லாரியும் பக்கத்து மீஞ்சூருக்கு, பள்ளிக்கூடம் வேறு மாநிலத்துக்கு என்றாலும் சட்டப்படி குற்றமில்லை.

■ இந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. பெண்களுக்கும் அனாதைகளுக்கும் விடுதி, முதியோர் இல்லம், பாலினச் சமத்துவம், பின்தங்கிய பிரிவினர் படும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணிகள் எல்லாம் அதில் வருகின்றன. திருநங்கை, திருநம்பி, தன்பாலின ஈர்ப்பாளர் என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனாலும் மேற்சொன்ன தலைப்புகளே போதும். கம்பெனி மனது வைத்தால் ஒரு திருநங்கையர் விடுதியைத் தாராளமாகக் கட்டலாம். சட்டத்தில் இடமில்லை என்று யாராவது கையை விரித்தால் நம்பாதீர்கள்.

■ அரசும் கம்பெனியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே திருநங்கையரிடம் ஒரு கொடை ஏற்பாடு உண்டு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வரும் பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்வார். திருநங்கையரின் சமூக அவையான ஜமாத் சாட்சியாக அந்த உறவு உறுதியாகும். அதன்பின் சோறு, படுக்க இடம், காவல் நிலையத்தில் போய் நின்று பேசுவது, அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பது நாள் படுத்திருக்கும்போது பார்த்துக்கொள்வது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? கடை கேட்டதில் இருந்து. கடைத்தெருவில் வாசல் வாசலாகக் கைதட்டிக் கேட்டு, ஐந்தும் பத்துமாகச் சேர்ந்த காசு அது. வாங்கிக்கொண்டு தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போன அந்தத் திருநங்கைக்குப் பின்னால், நேற்று இரவு வந்து சேர்ந்த பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று பசியோடு காத்திருக்கலாம். யாரும் ரசீது கொடுக்காத இந்த அறப்பணியை எந்த அறிக்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

■ கிரேஸ் பானு 2014இல் அரக்கோணத்தில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து படித்த திருநங்கை. அவர் மகளாக ஏற்ற தாரிகா பானு, உயர் நீதிமன்றம் வரை போய் 2017இல் சித்த மருத்துவப் படிப்பில் இடம் பெற்றார். பெற்றவர்கள் செய்ய வேண்டியதை, தானே போராடிப் படித்த ஒருவர் செய்தார்.

■ இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஊர் சென்னை, ஆண்டு 1986. கண்டறிந்தவர்கள் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும். திருநங்கையருக்கும் ஆணை விரும்பும் ஆண்களுக்கும் நிதி என்று ஒன்று வரத் தொடங்கிய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1995இல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் பணத்தில், சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக ஏ.பி.ஏ.சி. என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களும் அதன் இலக்கில் இருந்தார்கள். 1998இல் சுனில் மேனன் சென்னையில் ‘சகோதரன்’ அமைப்பைத் தொடங்கினார். 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ திட்டம் ஆறு மாநிலங்களுக்கு வந்தது. தமிழ்நாடு அதில் ஒன்று. 2010 முதல் 2015 வரை உலக நிதியத்தின் பணத்தில் ‘பெஹ்சான்’ திட்டம் 17 மாநிலங்களில், சமூகத்தினரே நடத்தும் 200 அமைப்புகளைக் குறிவைத்து நடந்தது.

பல திருநங்கையர் முதன்முறையாக மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்தது இந்தத் திட்டங்களில்தான். தோளில் ஒரு பை. அதில் ஆணுறைப் பாக்கெட்டுகள், பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டு, இன்று எத்தனை பேரைப் பார்த்தோம் என்று குறிக்கும் நோட்டு. இதை எடுத்துக்கொண்டு அவர்கள் ‘பீல்டுக்கு’ப் போனார்கள். உயிர்கள் பிழைத்தன; அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த நோட்டில் இருந்த பத்திகளையும் பாருங்கள். ஆணுறை எத்தனை, பரிசோதனை எத்தனை என்று கேட்டது. வீட்டு உரிமையாளர் சாமான்களைத் தெருவில் வீசியதை எழுத அதில் இடமில்லை. வக்கீல் செலவுக்கும் ஒரு மாத வாடகைக்கும் இடமில்லை. பணம் நோயைத் தேடி வந்தது. நோயில்லாத நாளில் அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று அது கேட்கவில்லை.

■ அதனால்தான் பெண்ணை விரும்பும் பெண்களும் திருநம்பிகளும் அந்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய எந்த நிதியையும் பார்க்கவில்லை. எச்.ஐ.வி. ஆபத்துப் பட்டியலில் அவர்கள் இல்லை. ஆகவே திட்டத்திலும் இல்லை. அவர்களுக்கு வந்த ஆபத்து வேறு: வீட்டுக்குள் பூட்டி வைப்பது, கட்டாயக் கல்யாணம், ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் போலி வைத்தியம். 2021 ஜூன் 7 அன்று, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு அந்த வைத்தியத்தைத் தடை செய்யச் சொன்னது. ஏற்கெனவே இருக்கும் குறுகியகாலத் தங்கும் இல்லங்களில் இவர்களுக்கும் இடம் தரும்படி மாற்றம் செய்யச் சொன்னது. அப்படி இடம் கிடைக்கும் வரை இவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது பெரும்பாலும் தோழிகளின் ஒற்றை அறை வீடுகள்தான்.

■ சென்னையின் ‘ஓரினம்’ 2003 முதல் இயங்குகிறது. திருநங்கை, திருநம்பி, தன்பாலின ஈர்ப்பாளர் ஆகியோருக்குத் துணை நிற்கும், சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் குழு. பெரிய நிதி எதையும் நம்பாததால், திட்டம் முடிந்தது என்று கதவைச் சாத்த வேண்டிய நிலை அதற்கு வரவில்லை.

■ தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008 ஏப்ரல் 15. நாட்டிலேயே முதல் வாரியம். அந்த நாள்தான் இப்போது திருநங்கையர் நாள். 40 வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கு மாத உதவித்தொகை 1,500 ரூபாய். சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் வரை மானியம். அரசு மருத்துவமனையில் இலவச அறுவைச் சிகிச்சையும் வந்தது. ஊருக்குத் தெரியாமல், மயக்க மருந்தில்லாமல் உயிரைப் பணயம் வைத்தவர்கள் இருந்த காலத்தை நினைத்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். 1,500 ரூபாயில் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை எடுக்க முடியுமா என்று கேட்டால் முடியாது.

■ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு திருநங்கை, திருநம்பி ஆகிய திருநர்களை முதன்முதலாகத் தனியே எண்ணியது. தமிழ்நாட்டில் 22,364 பேர். ஆண் என்றோ பெண் என்றோ எழுதவைக்கப்பட்டவர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

■ 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. முக்கியமாக மூன்று மாற்றங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 சதவீதம் ஆயிற்று. பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, சிறு ஊரில் இருக்கும் திருநங்கையர் குழுவுக்குக் கொடுத்துவந்த வழி அன்றோடு அடைபட்டது. திருநங்கையர் குழுவை மட்டும் குறிவைத்து வந்த சட்டமல்ல. ஆனால் சொந்தமாக அனுமதி வாங்கும் வசதியில்லாதவர்களைத்தான் அது அதிகம் பாதித்தது.

■ உலக அளவில் பால்புதுமையினருக்காக (திருநர், தன்பாலின ஈர்ப்பாளர் முதலியோர்) அரசுகளும் அறக்கட்டளைகளும் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொடுத்த நிதி ஏறத்தாழ 90 கோடி டாலர். ஆசியாவுக்கு வந்தது அதில் சிறு பங்கு.

■ ஐதராபாத்தில் ‘மித்ர்’ என்ற கிளினிக் 2021இல் திறந்தது. திருநர்களுக்காகவே தொடங்கிய இந்தியாவின் முதல் கிளினிக். ஆலோசகர், பணியாளர்களில் பலர் திருநங்கையரே. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் மூடப்பட்டது. ஹார்மோன் மருந்தைப் பாதியில் நிறுத்த முடியாது. மனநல ஆலோசனையும் அப்படித்தான். சில மாதங்களில் டாடா டிரஸ்ட்ஸ் கைகொடுக்க, ‘சப்ரங்’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. வெளிநாட்டுப் பணம் ஒரே கையெழுத்தில் போய்விடும், உள்நாட்டுப் பணத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியும் என்ற இரண்டுமே அந்த ஓராண்டில் தெரிந்துவிட்டன.

■ சிங்கப்பூரில் 2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் பால்புதுமையினருக்கு ஆதரவான ‘பிங்க் டாட்’ கூட்டம் நடக்கிறது. 2016இல் வெளிநாட்டு நிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று அரசு தடுத்தது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு உள்ளூர் நிறுவனங்கள் நூற்றுக்கும் மேல் முன்வந்தன.

■ வேலை கொடுத்தால் போதுமா? கொச்சி மெட்ரோ 2017இல் இருபதுக்கும் மேற்பட்ட திருநங்கையருக்கு வேலை கொடுத்து உலகச் செய்தியானது. ஒரு மாதத்துக்குள் சிலர் வேலையை விட்டார்கள். காரணம், வாடகைக்கு வீடு தர ஆளில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளத்தைவிடச் செலவு அதிகம். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவினர் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வெளியே வருபவர் எங்கே போய்ப் படுப்பார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆளெடுப்பதில் பயனில்லை.

■ டாடா ஸ்டீல் 2021இல் தன் மேற்கு பொகாரோ சுரங்கத்தில் 14 திருநர்களைக் கனரக எந்திர ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்த்தது. துறைமுகக் கிரேனும் கண்டெய்னர் தூக்கியும் இருக்கும் காட்டுப்பள்ளியில் இதே வேலை ஏராளம். ஆனால் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. வட்டாரத்து இளையோருக்குப் பொதுவாகப் பயிற்சி கொடுத்தால் எழுதலாம்.

■ தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் 2020இல் திருநங்கையருக்கு அரசு வீடு கட்டிக் கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் பெயரையே குடியிருப்புக்கு வைத்துவிட்டார்கள். வீட்டோடு நிற்காமல் கறவை மாட்டுக்குக் கடனும், தங்களுக்கென்று ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் கிடைத்தன. முன்பு கடை கேட்டவர்கள் விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினார்கள். வீடு, வேலை, சங்கம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தது அங்கே முக்கியமாகப் பட்டது எனக்கு. தனித்தனியாகக் கொடுத்திருந்தால் எதுவும் நின்றிருக்காது.

■ சென்னையிலும் மதுரையிலும் தமிழ்நாடு அரசு திருநர்கள் தங்க ‘அரண்’ இல்லங்களைத் திறந்திருக்கிறது. மத்திய அரசின் ‘கரிமா கிருஹ’ இல்லங்கள் ஒவ்வொன்றிலும் 25 பேராவது தங்கலாம். பொன்னேரியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வேலை சிப்காட்டில், படுக்கை சென்னையில் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

■ உள்ளூர்த் திருநங்கையர் குழு ஒன்று சி.எஸ்.ஆர். பணம் வாங்க என்ன வேண்டும்? சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள், அதே மாதிரிப் பணியில் மூன்றாண்டு அனுபவம். இவை எல்லாம் இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் முடியாது. பட்டயக் கணக்காளருக்குக் கொடுக்கவே காசில்லாத குழுவுக்கு இது மலை. அதனால் அந்தத் தணிக்கைச் செலவையும் கணக்கு எழுதும் ஒருவரின் சம்பளத்தையும் மூன்று ஆண்டுகளுக்கு யாராவது ஏற்றுக்கொண்டால் அதுவே பெரிய கொடை. தையல் எந்திரம் வழங்கி, மேடையில் படம் எடுத்துக்கொள்வதைவிட அது நூறு மடங்கு பயன் தரும். மாவட்டத் தொழில்துறை அமைப்புகளும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் நினைத்தால் இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.

■ சி.எஸ்.ஆர். குழுவில் யார் யார், எந்தெந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் என்பதைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்தில் மாவட்டவாரியாகவும் பார்க்கலாம். திருவள்ளூர் என்று தேடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். கல்வி, சுகாதாரம், குடிநீர் என்று வரிசையாக வரும். திருநங்கையருக்கு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம்; கிராம சபையில் மக்கள் முன்னால் அதைக் கேட்கலாம்.