மழைத்துளிக்குக் காத்திருக்கும் கிண்ணங்கள்

மழை விட்டதும் சைலன்ட் வேலிக்குப் போகவிருப்பதாகவும், அங்கே காளான்களைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்றும் கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். லென்ஸ் விவரத்தைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். முக்காலி என்ற ஊரில் ஜீப் ஏறிச் சைரந்திரியில் இறங்கியதும் எல்லோரும் சிங்கவால் குரங்கைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையில் கிடக்கும் மட்கிய குச்சிகளைப் பாருங்கள்.

அவற்றின்மேல் ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத பழுப்புக் கிண்ணங்கள் கூட்டமாக நின்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அதுதான் பறவைக்கூட்டுக் காளான். இளசாக இருக்கையில் வாயை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அது கிழிந்தபின் உள்ளே, எங்கள் பாட்டி வீட்டுப் பல்லாங்குழியில் புளியங்கொட்டை கிடந்த மாதிரி, தட்டையான முட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் வித்துகள் அடைத்த பொட்டலம்.

காளான்களில் பெரும்பாலானவை காற்றை நம்பி வித்துத் தூவுகின்றன. இது மழையை நம்புகிறது. பெரிய துளி ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்தால், நீர் சரிவான சுவரில் ஏறி முட்டையையும் தூக்கிக்கொண்டு எகிறும். ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும். எனக்கு இன்னும் பிடித்தது அந்த முட்டையின் வால். இவற்றில் சையாதஸ் என்ற பேரினத்தில் முட்டைக்கு அடியில் ஒரு சிறு பைக்குள் நூல் சுருண்டிருக்கிறது. பறக்கும் வேகத்தில் நூல் விரியும். அதன் ஒட்டும் நுனி புல்லிலோ காம்பிலோ பட்டதும் பற்றிக்கொள்ளும். முட்டை அதைச் சுற்றிச் சுற்றித் தன்னைக் கட்டிக்கொள்ளும். சாணத்தில் வளரும் வகைகளுக்கு அதுவே வழி: மேயும் விலங்கு புல்லோடு விழுங்க, வித்து குடலைக் கடந்து சாணத்தில் முளைக்கிறது. கனடாவின் ஹெரால்டு பிரோடி இந்தக் காளான்களுக்கென்றே 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த உழைப்புக்குத் தகுந்த உயிர்தான்.

படத்துக்காகக் காளானைப் பிடுங்கிக் கையில் வைத்துக் காட்டுபவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. குடைக்காளானின் அடிமடிப்புகள் தெரிய வேண்டுமா? சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை அடியில் சாய்த்து வைத்து அதில் தெரிவதை எடுங்கள். விழுந்த மரத்தை மண்ணாக்குபவை காளான்கள். ஆனால் காட்டைக் காப்பது என்றாலே நமக்குப் புலி, யானை, குரங்குதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் ஆணையமே, விலங்கு, தாவரங்களோடு பூஞ்சைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று 2021-ல்தான் கேட்டுக்கொண்டது. எவ்வளவு தாமதம்!

கிண்ணத்தைப் படமெடுக்கும்போது கேமராவைத் தரையோடு ஒட்டி வையுங்கள். அரிசி நிரப்பிய துணிப்பை போதும், முக்காலி வேண்டாம். சருகை அள்ளி ஒதுக்காதீர்கள். கிண்ணம் எந்த மரத்துக் குச்சியில் இருந்தது என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்; கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டையெல்லாம் போன கிண்ணமாக இருந்தால் பக்கத்து இலைகளின் அடிப்புறத்தையும் பாருங்கள். கடுகைவிடச் சற்றே பெரிய கரும்புள்ளி ஒட்டியிருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள்.